ஏழு ஆண்டுகளாகக் குலதெய்வத்தின் வாசலை மிதிக்கவில்லை. இனி எப்படிப் போய் நிற்பது?

தாமிரபரணிப் பாசனத்து ஊர் ஒன்றிலிருந்து, அரசு அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்ற 66 வயதுப் பெரியவர் ஒருவர் 11 பக்கங்களில் கடிதம் எழுதியிருக்கிறார். அவரையும் ஊரையும் கண்டுகொள்ள முடியாதபடி சில விவரங்களை மாற்றிவிட்டு, கடிதத்தின் சாரத்தை முதலில் தருகிறேன்.

அவருடைய குடும்பத்துக்குச் சாஸ்தா குலதெய்வம். அதே வளாகத்தில் சுடலைமாடனும் பேச்சியம்மனும் இருக்கிறார்கள். சித்திரையில் கொடை என்னும் கோயில் திருவிழா நடக்கும். பங்குனி உத்திரத்துக்கு வெளியூர்களில் இருப்பவர்களும் வந்து பொங்கலிட்டுப் போவார்கள். கோயிலுக்கு உரியவர்கள் நான்கு வகையறாக்கள், அதாவது நான்கு குடும்பக் கிளைகள். கொடையன்று முதல் திருநீறும், தலையில் கட்டும் பரிவட்டத் துணியும் இவருடைய வகையறாவில் மூத்தவருக்கே கிடைத்து வந்தன. தந்தைக்குப் பின் அவை இவருக்கு வந்தன. 2017-ஆம் ஆண்டுக் கொடைக்கு முன் கூடிய வரிக்காரர் (கோயிலுக்கு வரி கட்டும் குடும்பத்தார்) கூட்டம், அந்த மரியாதை இனிமேல் நான்கு வகையறாக்களுக்கும் ஆண்டுக்கு ஒன்றாகச் சுற்றி வரட்டும் என்று முடிவு செய்தது. இவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிட்டார். "மரியாதை இல்லாத வாசலை நான் மிதிக்க மாட்டேன்; சாஸ்தாவுக்கு நான் வேண்டுமென்றால் அவரே என்னைத் தேடி வரட்டும்" என்று கூட்டத்திலேயே சொன்னார். 2018-இல் அண்ணன் மகன்கள் இருவரையும் வாதிகளாகச் சேர்த்துக்கொண்டு, தம் வகையறா முழுவதன் சார்பில் முன்சீப் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்து, இடைக்கால உறுத்துக் கட்டளையும் (தடை உத்தரவு) பெற்றார். அதன் பிறகு கொடையில் பரிவட்டம் எவர் தலையிலும் ஏறவில்லை. துணியைப் பீடத்தில் வைத்து அப்படியே எடுத்துவிடுகிறார்கள்.

சென்ற ஆண்டு அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. உள்ளே கொண்டு போகும்போது கும்பிடுவதற்குக் கையைச் சேர்த்தாராம். எந்தச் சாமியின் பெயரும் வாயில் வரவில்லையாம். வீடு திரும்பியபின், மனைவியின் பெட்டியில், குடும்பத்துக்கு இவ்வளவு என்று கோயிலுக்குக் கட்டும் தலைக்கட்டு வரியின் ரசீதுகளைப் பார்த்திருக்கிறார். கொரோனாவால் கொடை நின்றுபோன ஆண்டுகள் நீங்கலாக மற்ற எல்லாக் கொடைகளுக்கும், தம் தம்பி வழியாக, கணவர் பெயரிலேயே அந்த அம்மாள் வரி கட்டி வந்திருக்கிறார்.

இப்போது அவர் செய்ய நினைப்பவை இவை: வழக்கை உடனே திரும்பப் பெறுவது; வரும் கொடையில் ஊர் கூடியிருக்கும்போது மொட்டையடித்து எல்லோர் காலிலும் விழுவது; சாஸ்தாவுக்கு வெள்ளிக் கவசம் செய்து தருவது; தம் வாரிசுகள் எவரும் இனி முதல் மரியாதை கேட்க மாட்டார்கள் என்று முத்திரைத்தாளில் எழுதிக் கொடுப்பது. இவற்றுக்குச் சட்டத்தில் தடை உண்டா என்று கேட்கிறார். இந்த நோய் சாஸ்தா கொடுத்த தண்டனைதானே என்றும், சாமி தம்மை இனி ஏற்குமா என்றும் கேட்கிறார். ஒன்பதாம் பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது: "2019 கொடையில் கோர்ட் உத்தரவைக் காட்டப் போனபோது நடந்த தகராறில், பெரியப்பா மகனின் பேரன் மேல் நான் கொடுத்த கேஸும் நடக்கிறது, அது ஒரு பக்கம்."

அன்புள்ள ஐயா,

நம் பக்கத்து வழக்கப்படி உங்களை அண்ணாச்சி என்று அழைக்க அனுமதியுங்கள். கடிதத்தோடு பிராதின் (வழக்கு மனுவின்) நகலையும், பையன் மேல் பதிவான முதல் தகவல் அறிக்கையின் நகலையும் அனுப்பியிருந்தீர்கள். மூன்றையும் இரண்டு முறை படித்தேன். உங்கள் கடிதத்தில் ஒளிவு மறைவு இல்லை. இந்த மாவட்டத்து நீதிமன்றங்களில் 30 ஆண்டுகளாகக் கோயில் மரியாதை வழக்குகளைப் பார்த்து வருபவன் என்ற முறையில் சொல்கிறேன், தோற்றபின் சமாதானம் பேச வந்தவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன். கையில் உறுத்துக் கட்டளை இருக்கும்போதே "நான் தவறு செய்துவிட்டேன்" என்று எழுதியவர் நீங்கள் ஒருவர்தான். ஆகவே சற்றுக் கடினமான சொற்களையும் தாங்கிக்கொள்வீர்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் பூசாரியும் இல்லை, சாமியாடியும் இல்லை. சட்டம் பற்றிச் சொல்வது என் தொழில். மற்றதை, அதே ஆற்றுத் தண்ணீரைக் குடித்து, பங்குனி உத்திரத்துக்குத் தன் சாஸ்தாவைத் தேடிப் போகிற ஒருவன் சொல்வதாக எடுத்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் துறக்க நினைப்பது உங்களிடம் இருக்கிறதா?

கடிதம் முழுவதிலும் ஓர் எண்ணம் ஓடுகிறது: வெல்லக்கூடிய வழக்கை, பரம்பரை உரிமையை, சாமிக்காக விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பது. இதை முதலில் திருத்த வேண்டியிருக்கிறது.

உரிமையியல் நடைமுறைச் சட்டம், 1908-இன் பிரிவு 9, சொத்து அல்லது பதவி பற்றிய உரிமை மதச் சடங்குகளைச் சார்ந்திருந்தாலும் அதை நீதிமன்றம் விசாரிக்கலாம் என்கிறது. ஆனால் பதவியோடு ஒட்டாத வெறும் மரியாதை உரிமையியல் வழக்குக்கு உரிய பொருள் அன்று என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலை. உங்கள் தந்தையார் அறங்காவலராகவோ பூசாரியாகவோ இருந்ததாகப் பிராதில் எங்கும் சொல்லப்படவில்லை; வகையறாவில் மூத்தவர் என்பதாலேயே பரிவட்டம் கட்டப்பட்டது என்றுதான் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்து, உங்கள் கோயில் பொதுமக்கள் வழிபடும் கோயில் என்று முடிவானால், வழக்கத்தாலோ வேறு வகையாலோ ஒருவருக்கு மரியாதை பெறும் உரிமை உண்டா என்பதை விசாரிக்கும் அதிகாரம், தமிழ்நாடு இந்து சமய மற்றும் அறநிலையக் கொடைகள் சட்டம், 1959-இன் பிரிவு 63(இ)-இன்படி, அறநிலையத்துறை இணை ஆணையருக்கோ துணை ஆணையருக்கோ உரியது. அச்சட்டம் வகுத்த வழியில் போகாமல் நேராக வழக்குத் தொடுப்பதை பிரிவு 108 தடுக்கிறது. இது நான்கு குடும்பங்களுக்கு மட்டுமே உரிய தனிக்கோயில் என்று நீங்கள் நிறுவினால் அந்தத் தடை பொருந்தாமல் போகலாம். ஆனால் அப்போது, அதே நான்கு குடும்பங்களும் கூடி எடுத்த முடிவை எந்த அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்ற கேள்வி இன்னும் பலமாக எழும். இடைக்காலக் கட்டளை கிடைத்தது என்பதாலேயே உரிமை நிறுவப்பட்டுவிட்டது என்று பொருளாகாது. விசாரணை முடியும்வரை உள்ள நிலை மாறாதிருக்கட்டும் என்பதே அதன் நோக்கம்.

அண்ணாச்சி, உங்களைச் சிறுமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. பெரிய பொருளை விட்டுக்கொடுக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு சாமிமுன் போனால், ஏதோ கொடுத்தவராகத்தான் அங்கே நிற்பீர்கள். உங்களுடையது என்று எண்ணியிருந்த ஒன்று ஒருவேளை தொடக்கத்திலிருந்தே உங்களுடையதாக இல்லாமல் இருந்திருக்கலாம். அந்தத் துணி ஆண்டுக்கு ஒருமுறை உங்கள் தலையில் வைத்து எடுக்கப்பட்டது, அவ்வளவே. 14 பக்கப் பிராதில் சாஸ்தாவின் பெயர் எத்தனை இடங்களில் வருகிறது என்று பார்த்தேன். கோயிலின் அடையாளத்தைச் சொல்லும் இடத்திலும், சொத்து விவரத்தில் நான்கெல்லை சொல்லும் இடத்திலும் வருகிறது. வேறெங்கும் இல்லை.

வழக்கைத் திரும்பப் பெறும் முறை

"நாளைக்கே வக்கீலிடம் சொல்லி வாபஸ் வாங்கிவிடலாம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அது அவ்வளவு எளிதன்று. வாதிகள் மூவர். அதே நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 23, விதி 1, பல வாதிகளுள் ஒருவர் மற்றவர்களின் சம்மதமின்றி வழக்கைக் கைவிட நீதிமன்றம் அனுமதிக்க இடம் தரவில்லை. மேலும் இது வகையறா சார்பில் தொடுக்கப்பட்ட பிரதிநிதித்துவ வழக்கு. கட்டளை 1, விதி 8-இன்படி, இத்தகைய வழக்கைத் திரும்பப் பெறுமுன்னரும் சமரசம் பதிவு செய்யுமுன்னரும் அதில் அக்கறை உள்ள அனைவருக்கும் அறிவிப்புத் தரவேண்டும். எல்லோர் பெயரையும் சொல்லி வழக்குப் போட்டால், எல்லோரையும் கேட்காமல் அதை முடிக்க முடியாது.

ஆகவே அண்ணன் மகன்கள் இருவரிடமும் நீங்கள் பேசவேண்டும். 2018-இல் அவர்களை எப்படிச் சேர்த்தீர்கள் என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "கையெழுத்துப் போடு என்றேன், போட்டார்கள்." இம்முறை அப்படிச் சொல்லாதீர்கள். அவர்களுக்கு உங்கள்மேல் மனத்தாங்கல் இருக்கலாம். ஏழு ஆண்டுகளாகப் பங்காளிகளின் பகையைச் சுமந்தவர்கள் அவர்கள். மற்ற வகையறாக்களில் பெண் எடுக்கவும் கொடுக்கவும் முடியாத நிலை வந்தது என்று உங்கள் கடிதமே சொல்கிறது. அவர்கள் மறுக்கவும் கூடும். மறுத்தால் உங்களை வாதிகள் பக்கத்திலிருந்து பிரதிவாதிகள் பக்கத்துக்கு மாற்றக் கோரும் மனு போன்ற வழிகள் உண்டு. ஆனால் அதை உங்கள் வழக்கறிஞரோடு கலந்து, வேறு வழியில்லாதபோது மட்டும் செய்யுங்கள். அவர்கள் சம்மதிக்கச் சில மாதங்கள் பிடித்தாலும் காத்திருப்பது நல்லது.

எல்லோரும் இணங்கினால், வெறுமனே திரும்பப் பெறுவதைவிட, சுற்றுமுறையை ஏற்று சமரசமாக முடிப்பதே சிறந்தது என்பது என் கருத்து. வெறுமனே திரும்பப் பெற்றால் உறுத்துக் கட்டளை போய்விடும். ஆனால் கூட்டத்தின் முடிவை நீங்கள் ஏற்றீர்களா இல்லையா என்பது எழுத்தில் இருக்காது, அடுத்த தலைமுறையில் ஒருவர் அதைக் கிளப்பலாம். பிரதிநிதித்துவ வழக்கில் சமரசத்துக்கு நீதிமன்றத்தின் அனுமதி வேண்டும் என்பதை மறவாதீர்கள். அந்த அனுமதியும் அறிவிப்பும் முடிந்தபின் மக்கள் நீதிமன்றத்தில் முடித்துக்கொள்ளலாம்; சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம், 1987-இன் பிரிவு 21-இன்படி அங்கே பிறப்பிக்கப்படும் தீர்வு நீதிமன்றத் தீர்ப்பாணைக்குச் சமம், அதன்மேல் மேல்முறையீடு இல்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்பக் கிடைக்கும்.

முத்திரைத்தாள் எண்ணத்தை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களுக்கு உரியதை நீங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். உங்கள் பேரன், அண்ணன் பேரன்கள் ஆகியோர் சார்பில் நீங்கள் எழுதிக் கொடுப்பது அவர்களைக் கட்டுப்படுத்துமா என்பது ஐயம். அது இன்னொரு வழக்குக்கு வித்தாகவே முடியும். மேலும், சுற்றுமுறைப்படி நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை உங்கள் வகையறாவுக்கும் பரிவட்டம் வரும் அல்லவா? அதை "எங்களுக்கு எப்போதுமே வேண்டாம்" என்று தள்ளுவது, எல்லோரோடும் சமமாக இருக்கச் சம்மதமில்லை என்பதன் இன்னொரு வடிவமாகிவிடும். முதலாமவனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் கணக்கிலேயே இருக்கக்கூடாது என்ற பழைய மனம்தான் இதிலும் பேசுகிறது.

ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் பையன்

இந்தக் கடிதத்துக்குப் பதில் எழுத நான் துணிந்ததே அந்த ஒரு வரிக்காகத்தான். பரிவட்டத்துக்கு எட்டுப் பக்கங்கள் ஒதுக்கியிருக்கிறீர்கள். பையனுக்கு ஒரு வரி, அதற்கு அடுத்த பக்கத்தின் ஓரத்தில் சிறிய எழுத்தில் இன்னும் இரண்டு வரிகள்: "உண்மையில் அவன் காகிதத்தைப் பிடுங்கினான், கை என்மேல் பட்டது. ஸ்டேஷனில் சொல்லும்போது கொஞ்சம் கூடுதலாகப் போய்விட்டது."

அந்தக் "கொஞ்சம்" என்ன என்று முதல் தகவல் அறிக்கையில் பார்த்தேன். கன்னத்தில் அறைந்தான், கீழே தள்ளினான், ஆபாசமாகத் திட்டினான், கொன்றுவிடுவேன் என்றான். இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 294(பி), 323, 506(1) ஆகிய பிரிவுகள். அப்போது அவனுக்கு 19 வயது. இப்போது 25. படித்து முடித்து, சீருடைப் பணிக்கான எழுத்துத் தேர்விலும் உடல்தகுதித் தேர்விலும் தேறியும், நிலுவையில் உள்ள இந்த வழக்கால் வேலை நிற்கிறது என்று நீங்களே கேள்விப்பட்டதாக எழுதியிருக்கிறீர்கள். நீதிமன்றத் தமிழில் குற்றம் சாட்டப்பட்டவரை "எதிரி" என்பார்கள். ஏழு ஆண்டுகளுக்கு முன்வரை அவன் உங்களைத் தாத்தா என்று அழைத்தவன்.

சாஸ்தாவின்முன் எப்படிப் போய் நிற்பது என்று கேட்கிறீர்கள். இந்தப் பையன் வீட்டின் வழியாகத்தான் போகவேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு பதில் தெரியவில்லை. பரிவட்டத்தால் உங்களுக்கும் சாமிக்கும் இடையில் ஏற்பட்ட பிணக்கைச் சாமி பொறுத்துக்கொள்வார். அவருக்கு அதனால் ஒன்றும் குறைந்துவிடவில்லை. இந்தப் பையனுக்கு நாள்தோறும் குறைந்துகொண்டிருக்கிறது.

சட்டப்படி நிலைமை இது. காவல்துறை பதிவு செய்து நடத்தும் வழக்கைப் புகார் கொடுத்தவர் "வாபஸ்" வாங்க முடியாது; பலரும் முடியும் என்று நினைக்கிறார்கள். பிரிவு 323-உம் 506(1)-உம் பாதிக்கப்பட்டவர் இணங்கினால் சமரசமாக முடித்துக்கொள்ளக்கூடிய குற்றங்கள். அப்படி முடிந்தால் அது விடுதலைக்குச் சமம். 294(பி) அந்தப் பட்டியலில் இல்லை. ஆகவே வழக்கு முழுவதையும் ரத்துச் செய்யக் கோரி உயர்நீதிமன்ற மதுரைக் கிளையில் பையன் மனுத் தாக்கல் செய்ய, நீங்கள் நேரில் போய் உங்களுக்கு ஆட்சேபம் இல்லை என்று பிரமாண வாக்குமூலம் அளிப்பதே நேரான வழி. இத்தகைய தனிப்பட்ட தகராறுகளில் இருதரப்பும் இணங்கி வந்தால் நீதிமன்றம் பெரும்பாலும் பரிவோடு பார்க்கிறது. ஆனாலும் அது நீதிமன்றத்தின் விருப்புரிமை.

இங்கே ஒரு கவனம் தேவை. சீருடைப் பணிகளுக்கான முன்வரலாற்றுச் சரிபார்ப்பில், "சமரசமானதால் முடிந்தது" என்பதைக் கொண்டு பையனுக்குக் குற்றத்தில் தொடர்பே இல்லை என்று அதிகாரிகள் ஏற்பார்கள் என்ற உறுதி இல்லை. ஆகவே உங்கள் வாக்குமூலம் "நாங்கள் சமாதானமாகிவிட்டோம்" என்பதோடு நின்றால் அவனுக்குப் பாதி உதவிதான். நடந்தது என்ன என்பதை உள்ளபடி சொன்னால்தான் முழு உதவி: அறையவில்லை, தள்ளவில்லை, கொலை மிரட்டல் விடவில்லை.

இப்படிச் சொல்வதில் உங்களுக்கு ஆபத்து இல்லையா? இருக்கிறது, அதை மறைக்க மாட்டேன். பொது ஊழியரிடம் பொய்த் தகவல் தருவதும், பொய்யாகக் குற்றம் சாட்டுவதும் பழைய தண்டனைச் சட்டத்தின் 182, 211 ஆகிய பிரிவுகளின்கீழ் குற்றங்கள்; இந்தச் சம்பவம் அந்தச் சட்டம் நடைமுறையில் இருந்த காலத்தது. உங்களுக்குச் சாதகமாக இருப்பது, நீங்கள் இன்னும் சாட்சிக் கூண்டில் ஏறவில்லை என்பது. முதல் தகவல் அறிக்கை சத்தியப் பிரமாணத்தின்மேல் சொன்ன சாட்சியம் அன்று. கூண்டில் ஏறி அதே பொய்யைச் சொன்னால் அது பொய்ச் சாட்சி, நிலைமை முற்றிலும் வேறாகிவிடும். வாக்குமூலத்தின் சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து எழுத, உங்கள் நலனை மட்டும் கவனிக்கும் ஒரு குற்றவியல் வழக்கறிஞரை அமர்த்துங்கள். பையனின் வழக்கறிஞரே இரு பக்கத்துக்கும் எழுதட்டும் என்று விட்டுவிடாதீர்கள். என் அனுபவத்தில், வயதான புகார்தாரர் தாமே முன்வந்து உண்மையைச் சொல்லும்போது அவர்மேல் நடவடிக்கை எடுக்க எவரும் முனைவதில்லை. ஆனால் அதை நம்பி இறங்காதீர்கள். ஆபத்து உண்டு என்று தெரிந்தே இறங்குங்கள். கொடையில் மொட்டையடித்தால் முடி ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். நீதிமன்றத்தில் "நான் சொன்னது பொய்" என்று எழுதிக் கையெழுத்திட்டால் அது பதிவேட்டில் இருக்கும். உங்களால் தாங்க முடியுமா என்று கேட்டுப் பார்க்கவேண்டியது இதைத்தான்.

"பெரியவன் நான் போய் அவன் வாசலில் நின்றால் நாளைக்கு அவனே கெட்டுப்போவான்" என்று ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். இந்த ஏழு ஆண்டுகளில் சாமியே கும்பிடாமல் இருக்கவில்லை என்றும், புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நவதிருப்பதி என்னும் ஒன்பது பெருமாள் கோயில்களுக்குப் போய்வந்ததாகவும் எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் திருக்கோளூருக்கும் போயிருப்பீர்கள். அந்த ஊரில் பிறந்த மதுரகவியாழ்வார் வயதில் மூத்தவர், கல்வியில் நிறைந்தவர், ஊர் உலகம் சுற்றியவர். குருகூரில் புளியமரத்தடியில் இருந்த இளைஞர் நம்மாழ்வாரிடம் போய், அவரைத் தம் ஆசானாகக் கொண்டார். பெருமாளைப் பாடவேண்டிய வாயால் அந்த இளையவரைத்தான் பாடினார். ஆற்றின் இரு கரைகளுக்கும் வண்டியில் போய்ச் சேவித்து வந்த உங்களுக்கு, பக்கத்துத் தெருவில் இருக்கும் இளையவன் வீடு தூரமாக இருக்கக்கூடாது.

அவன் வீட்டுக்குப் போகும்போது தனியாகப் போங்கள். ஊர்ப் பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர்கள் வந்தால் அவன் மறுக்க முடியாது, மறுக்க முடியாதவனிடம் கேட்பதை மன்னிப்பு என்று சொல்ல இயலாது. அவன் தாய் கதவைத் திறக்காமல் போகலாம். அவன் கோபப்படலாம். அப்போது கடிதத்தில் எனக்கு எழுதியதையே சொல்லிவிட்டு, வாக்குமூலம் தர ஒப்புக்கொண்டதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டு, முன்னரே அமர்த்திய வழக்கறிஞரிடம் காட்டியபின், அவன் வழக்கறிஞருக்கு அனுப்பிவிட்டு வாருங்கள். அவன் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் அந்தத் தாள் அவனுக்குப் பயன்படும்.

கொடையன்று ஊர்க் காலில் விழுவது

இதற்குச் சட்டத்தில் எந்தத் தடையும் இல்லை. ஆனாலும் வேண்டாம் என்பேன்.

வில்லடித்து முடியும் வேளை, சாமியாடி இறங்கும் நேரம், ஊர் முழுவதும் கூடியிருக்கும்போது நீங்கள் மொட்டைத் தலையோடு வந்து நெடுஞ்சாண்கிடையாக விழுந்தால், அந்தக் கொடை உங்கள் கொடையாகிவிடும். பத்து ஆண்டுகள் கழிந்தும் "அண்ணாச்சி விழுந்த கொடை" என்றே பேசுவார்கள். 2017-இல் கூட்டத்திலிருந்து எழுந்து போனபோது எல்லோர் கண்ணும் உங்கள்மேல் இருந்தது. திரும்பி வரும்போதும் அப்படியே இருக்கவேண்டும் என்று மனம் கேட்கிறது. உங்களைக் குற்றம் சொல்லவில்லை. நெடுங்காலம் முன்வரிசையில் நின்றவருக்கு, தாழ்வதிலும் முன்வரிசையே கண்ணில் படும். வெள்ளிக் கவசமும் அப்படித்தான். அதன் விலையில் பையனின் மதுரைச் செலவையும், ஆறு ஆண்டு வாய்தாக்களுக்கு அவன் தந்தை செலவழித்ததையும் முதலில் கொடுங்கள். மிச்சமிருந்தால், பெயர் பொறிக்காமல், வரிக்காரர்கள் கேட்கிற எதையாவது செய்யுங்கள்.

காரையாற்றுச் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குப் போயிருப்பீர்கள். அங்கே பட்டவராயன் சன்னிதியில் செருப்பைக் காணிக்கையாகக் கட்டுவதையும் பார்த்திருப்பீர்கள். அந்தக் கதையை வில்லில் கேட்காதவர் நம் பக்கத்தில் குறைவு. அந்தணராகப் பிறந்த முத்துப்பட்டன், பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் மணக்க விரும்பியபோது, அவர்கள் தந்தை விதித்த நிபந்தனைப்படி குடுமியையும் பூணூலையும் களைந்தார், செருப்புத் தைக்கவும் கற்றார். களைந்தது ஒரு நாளில் முடிந்துவிட்டது. தோலை ஊறவைத்து, அறுத்து, தைத்து, அந்தக் குடும்பத்தில் ஒருவராக இருந்து, அவர்களுடைய மாட்டைக் காக்கப் போய் உயிரை விட்டதுதான் கதையின் பெரும்பகுதி. அவருக்கு இன்றைக்கும் மக்கள் கொண்டுவருவது கிரீடம் அன்று, செருப்பு. உங்கள் சாஸ்தாவின் காவல் தெய்வங்களுள் ஒருவராகப் பட்டவராயனும் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். ஏழு ஆண்டுக்குப் பின் உள்ளே போகும்போது அவர்முன் சற்று நேரம் நில்லுங்கள்.

ஆகவே கொடைக்கு முன்னால், பங்குனி உத்திரத்துக்கே போங்கள். கூட்டமாகப் போகிற நாளில் உங்களை எவரும் தனியாகக் கவனிக்க மாட்டார்கள். அடுப்புக்கல்லும் பானையும் நீங்களே சுமக்க மருத்துவர் அனுமதித்திருக்க மாட்டார். விறகை ஒழுங்குபடுத்தும் வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். திருநீறு எந்த இடத்தில் நிற்பவருக்கு எப்போது வருகிறதோ, அப்போது வாங்கிக்கொள்ளுங்கள். கொடைக்குக் கால்நாட்டும் நாளில் பந்தல் வேலைக்கு ஆள் தேவைப்படும், சமையலுக்குக் கணக்கு எழுத ஆள் தேவைப்படும். கண்காணிப்பாளராக இருந்தவர் நீங்கள். தேங்காய்க் கணக்கும் அரிசிக் கணக்கும் எழுத உங்களைவிடப் பொருத்தமானவர் கிடைக்க மாட்டார். கேட்டால் செய்யுங்கள். கேட்காவிட்டால் மனம் நோகாதீர்கள். உங்களிடம் வேலை சொல்ல அவர்களுக்குக் கூச்சமாக இருக்கும், ஓரிரு கொடைகள் போகவேண்டும்.

நோய் தண்டனையா, சாமி ஏற்குமா?

உங்களுக்கு 20 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய், அதோடு புகைப்பழக்கம் என்று மருத்துவ அறிக்கையே சொல்கிறது. இதயக் குழாய்கள் அடைபட அவை போதும். சாஸ்தாவைக் கைகாட்டாதீர்கள். தண்டனை என்று எடுத்துக்கொண்டால் இரண்டு தீங்குகள் உண்டு: மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடாமல் பரிகாரத்தை நம்பத் தொடங்குவீர்கள், அடுத்த கொடைக்குப் போய்வந்தபின் நெஞ்சு வலித்தால் சாமி மன்னிக்கவில்லை என்று மீண்டும் விலகுவீர்கள். ஊரில் உங்களைவிடப் பெரிய பாவம் செய்தவர்கள் திடமாக நடமாடுகிறார்கள். ஒரு பாவமும் அறியாத குழந்தைகள் நோயில் கிடக்கிறார்கள். சாமி ஊரையெல்லாம் விட்டுவிட்டு உங்களிடம் கணக்குத் தீர்க்க ஏழு ஆண்டுகள் காத்திருந்தார் என்ற எண்ணத்திலும், அண்ணாச்சி, நீங்கள்தான் நடுவில் இருக்கிறீர்கள். அறுவை சிகிச்சைக்குப் போகும்போது பெயர் வாயில் வரவில்லை என்பதையும் சாபமாக நினைக்கவேண்டாம். பேச்சுவார்த்தை நின்றுபோன வீட்டில் திடீரென்று அழைக்க நா எழாது. கையைச் சேர்த்தீர்களே, அது போதும்.

சாமி ஏற்குமா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்லத் தகுதியற்றவன். ஆனால் ரசீதுகளைப் பற்றி ஒன்று சொல்லலாம். கோயில் வரிப்புத்தகத்தில் உங்கள் பெயர் ஒரு கொடைக்கும் விடுபடவில்லை. "சாஸ்தா என்னைத் தேடி வரட்டும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் வெளியே நின்றிருந்த காலமெல்லாம், உள்ளே உங்கள் பெயரில் பூசைக்கு எண்ணெய் வாங்கப்பட்டது, உங்கள் தலைக்கட்டுக்குரிய படைப்புச்சோறு உங்கள் வீட்டுக்கே வந்தது. அதை அந்த அம்மாள் உங்களுக்குப் பரிமாறியும் இருப்பார். வரி வாங்கியவர்களுக்கும் அது யார் கட்டுகிற பணம் என்று தெரிந்தே இருக்கும். வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை. பெட்டியில் ரசீதைக் கண்டபோது கோபம் வந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். பிறகு என்ன செய்தீர்கள் என்று எழுதவில்லை. அவரிடம் இதுபற்றி இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். பையன் வீட்டுக்குப் போகுமுன் அவரிடம் பேசுங்கள்; பங்குனி உத்திரத்துக்கு எந்த வண்டியில் போவது, யார் அடுப்புக்குப் பக்கத்தில் அடுப்பு மூட்டுவது என்பதையெல்லாம் அவரே முடிவு செய்யட்டும். இத்தனை ஆண்டுகளாக அந்தக் கோயிலோடு உங்கள் வீட்டின் தொடர்பை விடாமல் வைத்திருந்தவர் அவர்தான், அங்கே யார் மனம் எப்படி இருக்கிறது என்று அவருக்கே தெரியும்.

மற்றவை எல்லாம் கொஞ்சம் பொறுக்கும். குற்றவியல் வழக்கில் உங்களைச் சாட்சியாக விசாரிக்க எந்த நாளில் வாய்தா போட்டிருக்கிறார்கள் என்பதை மட்டும் இந்த வாரமே நீதிமன்றத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். அந்த நாளுக்கு முன்னதாக வழக்கறிஞரைச் சந்தித்துவிட வேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல், காவல்துறையிடம் நீங்கள் கொடுத்த வாக்குமூலம், அன்று மருத்துவமனையில் காட்டியிருந்தால் அந்தச் சீட்டு, உங்கள் ஆதார் அட்டை ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஓரத்தில் சிறிய எழுத்தில் எனக்கு எழுதிய அந்த இரண்டு வரிகளை, அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.